அவருடைய வலப்பக்கம்

மே 28, ஞாயிறு. ரேகன்ஸ்பர்க், ஜெர்மனி

நாளை கிளம்புகிறோம். எழுதி வைத்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

வண்டியைத் துடைத்து முடிக்க அவருக்குக் காலை முழுக்கப் போய்விட்டது. மருமகன் ஹரிகரன் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு ஜெர்மன் கிழவரிடம் வாங்கிப் போட்ட மோட்டார் சைக்கிள். வண்டியின் வயது நாற்பதை நெருங்குகிறது. எஞ்சின் இரண்டு பக்கமும் காது மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கிறது. கராஜில் தார்ப்பாய்க்குள் கிடந்ததைப் பார்த்த அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், குற்றாலலிங்கம். பாபநாசம் டிப்போவில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை என்று டிப்போவில் மாலை போட்டு அனுப்பினார்கள். ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போன மனிதர் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. லீவு நாளில் தூங்குவார். நான் சத்துணவுக் கூடத்தில் முட்டை அவித்தே பாதி ஆயுளை முடித்தேன். மகள் சுபத்ரா ரயிலில் டிக்கெட் எடுக்கிறேன் என்றாள். ரயில் யாருக்கு வேண்டும்? அவர் ஓட்ட, பின்னால் நான் உட்கார்ந்து ஊர் பார்க்க வேண்டும். இந்த ஒரு ஆசைதான் எனக்கு மிச்சம்.

மருமகன் நூறு தடவை பாடம் நடத்திவிட்டார். "பெரிய ஹைவே வேண்டாம் மாமா. கிராமத்து ரோட்டுலயே போங்க, மெதுவா போகலாம். இங்க ரோட்டுக்கு வலப்பக்கம்தான் போகணும். இன்னொண்ணு, போர்டு இல்லாத சந்திப்புல வலப்பக்கத்துல இருந்து வாரவனுக்குத்தான் முதல் வழி. சைக்கிள்காரனா இருந்தாலும் நின்னு விட்டுத்தான் போகணும்."

"டிரைவர்ட்டயே ரோட்டப் பத்திச் சொல்லுதியளா மாப்பிள?" என்று சிரித்தார் இவர்.

வியாழக்கிழமை இவர் குளியலறையில் விழுந்ததைச் சுபத்ராவிடம் சொல்லவில்லை. வெந்நீரை அளவில்லாமல் ஊற்றிக்கொண்டால் யாருக்கும் கிறக்கம் வரும். எழுந்து உட்கார்ந்ததும் என்னைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான், பிறகு சரியாகிவிட்டார். சொன்னால் வண்டி கிடைக்காது, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்தடிப்பாள். சொல்ல வேண்டாம் என்று இருவருமாக முடிவெடுத்தோம். நான் சொன்னேன், அவர் தலையாட்டினார்.

மே 30, செவ்வாய். பவேரியக் காடு

ஒரு விவசாயி வீட்டு மாடியில் அறை. சன்னலுக்குக் கீழே மாடுகள். ஒவ்வொன்றும் நம்மூர் மாட்டைப்போல இரண்டு பங்கு இருக்கிறது. குட்டி ரைஸ் குக்கரில் சோறு வைத்து, கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டோம். வீட்டுக்கார அம்மா வாசனை பிடித்து எட்டிப் பார்த்தாள். ஒரு உருண்டை கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் முழுங்கிவிட்டுத்தான் போனாள், பாவம்.

ரோடு எப்படி இருக்கிறது தெரியுமா! ஒரு காரைப் பார்க்க வேண்டுமென்றால் காத்துக் கிடக்க வேண்டும். எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் இடது கையைத் தாழ்த்தி நமக்குக் கை காட்டுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள். இவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். "நம்ம டிப்போக்காரனுவ எதிர்ல வந்தா கை தூக்குவானுவல்லா, அதேதான் பிரமு" என்று கத்திக்கொண்டே இவரும் காட்டுகிறார்.

பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் இடப்பக்கமாகப் போய்விட்டார். எதிரே பால் லாரி. அவன் ஹாரன் அடித்த பிறகுதான் ஒதுக்கினார். ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"என்ன டிரைவரே, பாபநாசம் ரோடுன்னு நெனச்சிட்டியளா?"

"கை தானா அந்தப் பக்கமே போகுது பிரமு. அத்தன வருசப் பழக்கம்லா."

வாஸ்தவம்தான். காலியாகக் கிடக்கும் ரோட்டில் ஞாபகப்படுத்த ஆள் வேண்டும். இனி ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வலது தோளில் தட்டிவிடுகிறேன் என்றேன். "சரி கண்டக்டரம்மா" என்றார்.

ஜூன் 1, வியாழன்

சாயங்காலம் நடக்கப் போனோம். வலப்பக்கம் வேலியோரம் நின்ற ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி இவருக்கு வணக்கம் சொன்னார். இவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். இவருக்குக் கர்வம் கிடையாது, போஸ்ட் கம்பத்துக்கும் கும்பிடு போடுகிற ஆள். ஏதோ யோசனை. இவருக்கும் சேர்த்து நானே சிரித்து வைத்தேன்.

சாப்பிடும்போது "பொரியல் ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டார். தட்டிலேயேதான் இருந்தது, வலப்பக்க ஓரத்தில். "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை. தட்டை நான் அரைவட்டம் திருப்பி வைத்ததும் சாப்பிட்டார்.

ஜூன் 2, வெள்ளி

மழை. ஜட்டி பனியன் எதுவும் காயவில்லை. தலைவலித் தைலம் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது.

ஜூன் 4, ஞாயிறு. ஆஸ்திரியா

டான்யூப் ஆற்றைப் படகில் கடந்தோம். வண்டியோடு ஏற்றிக்கொள்கிறார்கள். ஆறு அகலமாக, சத்தமில்லாமல் போகிறது. படகுக்காரன் மீசையைப் பார்த்து இவர், "நம்ம டிப்போ மேனேஜர் மாதிரியே இருக்கான்" என்றார். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் படகே திரும்பிப் பார்த்தது.

இறங்கும்போது வலப்பக்கத்துத் தூணில் வண்டியின் பக்கக் கண்ணாடியை இடித்துவிட்டார். கண்ணாடி விரிசல். தூண் அங்கே நிற்பது கைக்குழந்தைக்கும் தெரியும். "தூண பெயின்ட் அடிக்காம வச்சிருக்கானுவ" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு முறையைக் கொஞ்சம் விரிவாக்கினேன். கிளம்பும்போது மட்டும் இல்லை, சந்திப்பு வரும்போதும் தட்டுகிறேன். வலப்பக்கம் ஆள் வந்தால் தோளில் ஒரு தட்டு. நின்றுவிடுவார். ஒருவரும் இல்லையென்றால் இரண்டு தட்டு. எடுத்துவிடுவார். இது நான் கண்டுபிடித்ததில்லை. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கி நின்று பஸ் உடம்பில் தட்டுவார். அந்த நேரத்தில் டிரைவர் தன் கண்ணை நம்புவதில்லை, அந்தத் தட்டலைத்தான் நம்புவார். அப்போது ஏதாவது ஆகிவிட்டால் டிப்போவில் முதலில் கூப்பிட்டு விசாரிப்பது கண்டக்டரைத்தான் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

எதற்கு இந்தத் தட்டு என்று இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பகல் முழுக்க ஓடியது, ஒரு பிசகும் இல்லை.

ஜூன் 6, செவ்வாய்

சுபத்ரா வீடியோவில் வந்தாள்.

"அப்பா ஏன் போனப் பாத்துப் பேச மாட்டேங்காங்க? எங்கயோ பாக்காங்க?"

"வெயிலு கண்ணுல அடிக்கிட்டி."

"மழைன்னு சொன்ன?"

"இப்பம்தான் வெறிச்சிச்சு."

இவர் காலையில் போனில் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார். எழுத்து ஓடிப்போகிறதாம். ஒரு வார்த்தை படித்தால் அடுத்த வார்த்தையைத் தேட வேண்டியிருக்கிறதாம். "கண்ணாடி மாத்தணும் பிரமு, ஊருக்குப் போனதும்" என்றார். போனதும் முதல் வேலை அதுதான் என்றேன். நான் படித்துக் காட்டினேன். அம்பாசமுத்திரத்தில் தண்ணீர்க் குழாய் உடைப்பு, மாவட்டத்தில் இன்று மின்தடை, எல்லாம் ஒன்று விடாமல் கேட்டார்.

ஜூன் 7, புதன்

இன்று ஒரு காரியம் செய்தேன். விளையாட்டுக்குத்தான்.

இவர் பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் வலப்பக்கம் போய் நின்று கையை ஆட்டினேன். பார்க்கவில்லை. முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஆட்டினேன். அப்போதும் பார்க்கவில்லை. நாக்கைத் துருத்தினேன். மலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் வந்து ஒரு விரலைத்தான் அசைத்தேன். "எங்க போன? தேடிட்டு இருக்கேன்" என்றார்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காப்பி குடிக்கும்போது இவரே கேட்டார்.

"திரும்பிருவமா பிரமு? தல ஒரு மாதிரியா இருக்கு. மாப்பிளைய வரச் சொல்லி வண்டிய ஏத்திருவம்."

திரும்பினால் டாக்டர், பிறகு விமானம், பிறகு வீடு, பிறகு அதே சமையலறை. இவர் இனி வண்டி ஓட்டமாட்டார். நான் இனி எதன் பின்னாலும் உட்காரமாட்டேன். இதெல்லாம் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. அடுத்த நாடு ஸ்லோவேனியாவ மட்டும் பாத்துட்டுத் திரும்பிருவம். நான்தான் பாத்துச் சொல்லுதேன்லா? உங்களுக்கு என்ன கவல?" என்றேன்.

"சரி. நீ சொன்னாச் சரி."

ஜூன் 9, வெள்ளி. ஸ்டிரியா, ஆஸ்திரியா

நல்ல நாள். மனசார எழுதுகிறேன், நல்ல நாள்.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ரோடு ஏறி இறங்கி வளைந்து போகிறது. நான் வலப்பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன். இடப்பக்கத்தில் என்னென்ன இருந்ததோ தெரியாது. இறங்கிய பிறகு இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு தேவாலயம் இருந்ததாம், குதிரை நின்றதாம். என் பக்கத்தில் என்ன இருந்தது என்று நான் இவருக்குச் சொன்னேன். ஒரே ரோட்டை ஆளுக்குப் பாதியாகப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கதையாகக் கேட்டுக்கொள்கிறோம். கல்யாணம் முடிந்த வருடத்தில்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

ஒரு கடையில் பூசணி விதை எண்ணெய் வாங்கினேன். கரும்பச்சையாக, நம்மூர் எள்ளெண்ணெய்க்கு அக்கா மாதிரி இருக்கிறது.

நாளை எல்லை தாண்டி ஸ்லோவேனியாவுக்குப் போகிறோம்.

ஜூன் 10, சனி

எழுத முடியவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

முரா ஆற்றைத் தாண்டியதும் பூமி சப்பையாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், புல் அறுத்துப் போட்ட வாசனை. ஊருக்கு ஊர் மின்கம்பத்து உச்சியில் நாரைக் கூடு. முதலில் நான் குப்பை என்று நினைத்தேன். கிட்டப் போனால் மேலே ஒரு நாரை ஒற்றைக்காலில் நிற்கிறது.

போர்டு இல்லாத ஒரு சந்திப்பு. இவர் கொஞ்சம் இடப்பக்கமாகவேதான் வந்துகொண்டிருந்தார். காலையிலிருந்தே அப்படித்தான், நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். சந்திப்பில் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். குறைத்துவிட்டுக் காத்திருந்தார். என் தட்டுக்காகக் காத்திருந்தார்.

இடப்பக்கத்துக் கம்பத்தில் கூடு. அதில் மூன்று குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தன. தாய் அப்போதுதான் இறங்கியது. அவ்வளவு பெரிய இறக்கையை நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளில் அப்போதுதான் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்துக்கொண்டே என் கை இவர் தோளில் இரண்டு தடவை தட்டிவிட்டது.

இவர் வண்டியை எடுத்தார்.

சைக்கிள் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அந்த ஆள் எங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். நாங்கள் நிற்பது போல மெதுவாக வந்ததால், தனக்கு வழிவிடுகிறோம் என்றுதானே நினைப்பார்? சத்தம் பெரிதாக இல்லை. ஒரு மரக்கதவை அடித்துச் சாத்தியதுபோல இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ரோட்டில் கிடந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. இவருக்கு இடது மணிக்கட்டு முறிவு. அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட் போடவில்லை. சைக்கிளில் கட்டியிருந்த புல் வாரும் கோல் சோளக்காட்டுக்குள் போய்க் கிடந்தது.

இவர் ஊர்ந்து போய் அந்த ஆளின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "சார், சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, "இவரு எங்க இருந்து பிரமு வந்தாரு?" என்று கேட்டார்.

நான் பையில் போனைத் தேடினேன்.

போலீஸ் வந்து ஊதச் சொன்னார்கள், அதில் ஒன்றும் இல்லை. சாலையில் டயர் தடத்தைப் பார்த்தார்கள். தடம் ரோட்டின் இடப்பாதியில் இருந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ஒரு போலீஸ்காரர் தலையை ஆட்டி, "இண்டியா, லெப்ட்" என்று கையால் காட்டினார். நாங்கள் வாய் திறக்கும் முன்பே அவரே எங்களுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இவருக்குக் கட்டுப் போட்ட டாக்டர் தலையைத் தொட்டு ஏதோ கேட்டார். "ஓகே, ஓகே" என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான்.

ஜூன் 12, திங்கள்

சுபத்ராவும் மருமகனும் நேற்றுச் சாயங்காலமே காரில் வந்து சேர்ந்தார்கள். போலீஸ்காரருக்கு ஜெர்மன் தெரியும். அதனால் சுபத்ராதான் எங்களுக்கு வாய்.

அந்த ஆளின் பெயர் யானெஸ். வயது ஐம்பத்திரண்டு. புல் வார வயலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். இன்னும் கண் விழிக்கவில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். அந்த ஆள் கிடந்த அறைக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். பூப்போட்ட சட்டை, கையில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி, பிளாஸ்டிக் பையில். பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பையைத் துழாவி ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். எனக்கும் உள்ளே யாரோ கிடக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். வாங்கித் துடைத்துக்கொண்டேன். என் முதுகில் கை வைத்துத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையை எடுக்கச் சொல்லவும் எனக்கு அவள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. எழுந்து வந்துவிட்டேன்.

இவர் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "தப்பான சைடுல போயிட்டேன் பிரமு. எல்.போர்டு பயலும் செய்யமாட்டான். இத்தன வருசம் ஓட்டி என்ன கிழிச்சேன்?" இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தோளில் தட்டியதை இவர் போலீசிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மத்தியானம் சுபத்ராவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறையில் விழுந்தது முதல்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

"இத வேற யாருட்டயும் சொல்லிராத."

"அப்பாவுக்குக் கண்ணு தெரியலட்டி. தலையில என்னமோ இருக்கு. அவுகளுக்குப் பாக்கணும்."

"பாப்போம். ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாப்போம். இங்க பாத்தா ரிப்போர்ட்டு வரும்லா? கண்ணு தெரியாம ஓட்டுனாங்கன்னா அது வேற கேசும்மா. தெரிஞ்சும் கூடப் போனேன்னா உன்னையும் விடமாட்டான். இடப்பக்கப் பழக்கம்னு அவனே சொல்லுதான். அப்படியே இருக்கட்டும்."

"அந்த மனுசன் பொண்டாட்டி எனக்குக் கண்ணத் தொடைக்கக் குடுத்தாட்டி."

"அம்மா, நீ சும்மா இரி" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஜூன் 13, செவ்வாய்

யானெஸ் காலையில் இறந்துவிட்டார்.

இவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

ஜூன் 14, புதன்

இன்று போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம். சின்னக் கட்டிடம், சன்னலில் பூச்சட்டி. வயதான போலீஸ்காரர், நரைத்த தலை, மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவர். இவர் நடுவில், இடப்பக்கம் சுபத்ரா, வலப்பக்கம் நான்.

இவரைக் கேட்டார்கள். "தப்பு என்னுதுதான் சார். எங்க ஊர்ல லெப்ட்டு. பழக்க தோசத்துல போயிட்டேன். அவருக்கு வழி விட்டிருக்கணும். என்ன தண்டன குடுத்தாலும் ஏத்துக்கிடுதேன்" என்றார். சுபத்ரா ஜெர்மனில் சொன்னாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

நான் நேற்றே யோசித்து வைத்திருந்தேன். யாரையும் பார்க்காமல், பூச்சட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். இவருக்கு வலப்பக்கம் தெரியாது என்பது, அது எனக்கு முன்னமே தெரியும் என்பது, திரும்பிவிடலாம் என்று இவர் கேட்டும் நான் மறுத்தது, சந்திப்பில் இவர் சரியாகத்தான் நின்றார் என்பது, பார்க்காமல் தட்டியது நான் என்பது. சொல்லச் சொல்ல இவர் "ஏ பிரமு, ஏ பிரமு, சும்மா இரு" என்று முனகினார். ஆனால் தனக்கு வலப்பக்கம் தெரியாது என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

நான் நிறுத்தியதும் சுபத்ரா மொழிபெயர்த்தாள். நான் அவ்வளவு நேரம் பேசினேன். அவள் சொன்னது ஒரு வரி. அதில் "லிங்க்ஸ்" என்ற வார்த்தை இருந்தது. ஜெர்மனில் இடது. வந்த புதிதில் மருமகன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வார்த்தைகளில் ஒன்று.

போலீஸ்காரர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். ஏதோ இதமாகச் சொன்னார். "கோர்ட்டுல இருந்து பேப்பர் வீட்டுக்கு வருமாம். அனேகமா அபராதத்தோட விட்டுருவாங்களாம். நம்ம ஊருக்குப் போலாமாம்" என்றாள் சுபத்ரா. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

போலீஸ்காரர் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கமாக வந்தார். எனக்கும் இவருக்கும் நடுவில் குனிந்து, இவருக்குக் கை கொடுக்க வலது கையை நீட்டினார். வலப்பக்கமாக.

இவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை காற்றிலேயே நின்றது.

என் கை மடியிலிருந்து எழுந்துவிட்டது. ஒரு தட்டு. அது போதும். இவர் திரும்பிக் கையைப் பிடித்திருப்பார், நாங்கள் காரில் ஏறியிருப்போம். நான் என் கையை இன்னொரு கையால் பிடித்து மடியிலேயே அமுக்கி வைத்துக்கொண்டேன்.

போலீஸ்காரர் முகத்தில் முதலில் சங்கடம். பிறகு கண்ணைச் சுருக்கினார். நீட்டிய கையைக் கொஞ்சம் அசைத்தார். இவர் அசையவில்லை. அந்தக் கையை மெதுவாக, மிக மெதுவாக இவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். மூக்குக்கு நேரே வந்ததும் இவர் திடுக்கிட்டார். உடனே எழுந்து, கட்டுப் போடாத கையால் அதைப் பிடித்துக் குலுக்கி, "தேங்க்யூ சார், தேங்க்யூ சார்" என்றார்.

போலீஸ்காரர் கையை விடவில்லை. பிறகு விட்டுவிட்டு, சுற்றிப் போய்த் தன் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். சுபத்ராவைப் பார்த்து ஏதோ கேட்டார். சுபத்ரா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன கேக்காரு? ஏம்ட்டி அழுத?" இவர் மகளைப் பார்த்துக் கேட்டார். பிறகு, "உங்கம்மய எங்க? வெளிய போயிட்டாளா?" என்றார்.

நான் கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"இங்கதான் இருக்கேன்" என்று சொன்னேன். பிறகு போலீஸ்காரரைப் பார்த்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மகளுடைய உதவி இல்லாமல் சொன்னேன்.

"சார், ஹீ நாட் சீ. ஐ நோ. பிஃபோர் ஆக்சிடென்ட், ஐ நோ."